பந்தைப் பிடிக்கச் சொன்னது நான்தான்

லீட்ரிம் மாவட்டம்,
செவ்வாய்க்கிழமை, பால் கறந்தபின்.

மதிப்புக்குரிய பயிற்சியாளர் மக்ஃபேடியன் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கால்பந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரன் ஃபியாக்ராவின் தகப்பன் கார்மக் மக்வீனி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி அசும்ப்டாவும் நாற்பத்திரண்டு மாடுகளும் நலம். மழையும் நலமாகவே பெய்கிறது. அங்கே நீங்கள் நலமாக இருக்க வாய்ப்பில்லை என்று தெரியும். அதற்குக் காரணம் என் மகன் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாம் முன்னணியில் இருந்தோம். இரண்டே நிமிடம் பாக்கி. நம் கோலுக்கு முன்னால் பந்து வானத்திலிருந்து இறங்குகிறது. ஃபியாக்ரா அத்தனை பேருக்கும் மேலே எழும்பி, அதை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பிடித்ததோடு விட்டானா? நாலடி ஓடி, ஒருமுறை தரையில் தட்டி, யாருக்கு உதைக்கலாம் என்று வேறு பார்த்தான். நடுவர் பெனால்டி கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று. நீங்கள் தொப்பியைக் கழற்றி மிதித்ததை நான் பார்த்தேன்.

ஐயா, நீங்கள் ஸ்காட்லாந்துக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் 'கேலிக்' கால்பந்து என்று ஒரு நாட்டு ஆட்டம் உண்டு, அதில் பந்தைக் கையால் பிடிக்கலாம். பிடிக்கலாம் என்ன, அதுதான் ஆட்டமே! அவனுடைய ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் கோட்டுக்கு வெளியே நின்று, "பிடிடா ஃபியாக்ரா, பிடி!" என்று கத்தி வளர்த்தவன் நான். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அதையே கத்திவிட்டேன். அவன் பிடித்ததும் எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. பங்குச் சாமியாரே "அடேங்கப்பா, என்னா பிடி!" என்றார். அப்புறம்தான் இது வேற ஆட்டம்னு எங்க மரமண்டைக்கு உறைச்சுது.

உங்களிடம் அப்போதே மன்னிப்புக் கேட்க வந்தேன். அசும்ப்டா சுட்ட உலர்திராட்சை ரொட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, "எல்லாம் என் தப்பு, இதை வச்சுக்குங்க, பையனைக் காப்பாத்துங்க" என்று நீட்டினேன். அது நடுவர்களின் அறை.

"இது லஞ்சமா?" என்று கேட்டார் பெரிய நடுவர்.

"இல்லய்யா, ரொட்டி."

"ஆட்டம் முடிஞ்சப்புறம் லஞ்சம் கொடுக்குற முதல் ஆள் நீங்கதான்" என்றார். ஆனால் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். அதற்குள் உங்கள் வண்டி போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். அதில் அவனை உட்கார வைத்தால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது என்று அவனே சொன்னான். பத்தொன்பது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் வீட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசைதான் ஐயா, பொய் சொல்ல மாட்டேன். அவன் போனதிலிருந்து சாப்பாட்டு மேஜையில் பேச ஆளில்லை. ஆனா இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரக்கூடாது. அதை என்னால பாக்க முடியாது.

ஆகவே அவனை ஆடவிடுங்கள். தண்டனையை எனக்குக் கொடுங்கள். இனி அந்த மைதானத்தின் வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

உங்கள் முழங்கால் வலிக்கும் நம் புள்ளிப் பட்டியலுக்கும் புனித பிரிஜிட் அம்மையின் அருள் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

கார்மக் மக்வீனி

பி.கு.: உறையில் தபால்தலை ஒட்டியபின் இதை அசும்ப்டாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரிய தியாகி! நீங்க கத்துறது அவனுக்கு ஆறு வயசுலயே மரத்துப் போச்சு. அவன் காதுல விழுந்தது என் சத்தம். நானும்தான் பிடின்னு கத்துனேன். மாவட்ட அணிக்கு ஆடுனவ நானா நீங்களா?" என்றாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடாத காரணம் இப்போதுதான் தெரிந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபியாக்ரா போன் செய்தான். "அப்பா, வெள்ளிக்கிழமை முதல் பதினொண்ணுல நான் இருக்கேன்!" ஏன் பிடித்தாய் என்று நீங்கள் கேட்டீர்களாம். "யாரும் சொல்லல. எந்தச் சத்தமும் என் காதுல விழல. பந்து வந்துச்சு, பிடிச்சேன். தப்பு என்னோடது" என்றானாம். சாக்கு சொல்லாத ஆட்டக்காரனை இந்த நாட்டில் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்களாமே.

ஆகவே, மேலே உள்ள சாக்கு முழுவதையும் தயவுசெய்து படிக்காதீர்கள். தபால்தலை வீணாகக் கூடாதே என்றுதான் அனுப்புகிறேன். மைதானத்துக்கு வரமாட்டேன் என்ற உறுதியும் ரத்து. வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். ஆட்டம் முடியும்வரை ஆளுக்கொரு பெரிய டாஃபி வாயில் இருக்கும்.