ஸ்பீக்கரில் போட்ட நியாயம்

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டதுதான் சோமசேகரம் செய்த முதல் பிழை. அதோடு நின்றிருக்கலாம். வெங்காயத் தோட்டத்து வரம்பில் ஏறி நின்று, பள்ளிக்கூடத்தில் முழங்கிய பழைய அதிபர் குரலில் முழங்கியும் விட்டார்.

"ரொறன்ரோவிலை உன்னோடை அதே வேலை செய்யிற வெள்ளைக்காரனுக்குக் கூடச் சம்பளம், உனக்குக் குறையவோ? பொம்பிளை எண்டும் நிறம் வேறை எண்டும் பாத்தோ காசு குடுக்கிறது? ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், பிள்ளை! அதுதான் நீதி!"

"ஓம் அப்பா. மனேச்சர் ஒரு காரணம் சொன்னவர்..." என்று தொடங்கினாள் மகள் துஷாந்தினி.

"காரணமாம் காரணம்! சாட்டுச் சொல்லுறவன் கள்ளன்!" என்று போனைச் சட்டைப்பைக்குள் செருகினார்.

வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. சிவக்கொழுந்து நிமிர்ந்தாள்.

"நல்லாச் சொன்னியள், மாஸ்ரர். அப்ப உங்கை நிக்கிற ஜெயரூபனுக்குக் குடுக்கிற கூடின கூலியை எங்களுக்கும் தாங்கோ. அவனும் வெங்காயம்தானே பிடுங்கிறான்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொடிகாமம் சந்தைக்குப் போகவேண்டிய லொறி ஒழுங்கையில் நின்று ஹோர்ன் அடித்தது.

"அவன் மூட்டை தூக்கிறவன்" என்றார்.

சிவக்கொழுந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் லொறியில் போட்டுவிட்டு வந்தாள்.

"அவன் குடும்பகாரனடி!"

"அவன் இன்னும் கலியாணமே கட்டேல்லை. நான்தான் தனிய நிண்டு பிள்ளையளை வளக்கிறன்."

"சரி! ஒரே வேலை, ஒரே கூலி. இண்டைக்கு ஜெயரூபனுக்கும் பொம்பிளையளின்ரை கூலிதான்!"

ஜெயரூபன் பிடுங்கியதை அப்படியே போட்டுவிட்டுப் பெண்களுக்குப் பக்கத்தில் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தினான். "எனக்கும் நாரி நோகுது, மாஸ்ரர்."

முதல் துளி சோமசேகரத்தின் வழுக்கையில் விழுந்தது. நனைந்த வெங்காயத்தை லொறிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான்.

"நான் என்னடி செய்ய? காணி துஷாந்தினிக்குச் சீதனமா எழுதினது. கூலி கூட்டுறதெண்டால் அவளெல்லோ ஓமெண்டு சொல்லவேணும். அவள் எங்கையோ கனடாவிலை!"

"நான் லைனிலைதான் நிக்கிறன், அப்பா" என்றது சட்டைப்பை.

சிவக்கொழுந்தின் முகம் மலர்ந்தது. "பிள்ளை! நீ தொட்டிலிலை கிடக்கேக்கையிருந்து நான் இந்தத் தோட்டத்திலை நிக்கிறன். கூலி குறையிற நோவு உனக்குத்தானே தெரியும். நீயே ஒரு நியாயம் சொல்லு!"

சட்டைப்பைக்குள்ளிருந்து குரல் தணிந்து வந்தது.

"அப்பா, ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ."

சோமசேகரத்தின் நனைந்த விரல் போனில் எதையோ அமத்தியது. குரல் முன்னதிலும் உரக்க வந்தது.

"அவையளுக்கு அனுபவம் போதாதெண்டு சொல்லுங்கோ. எங்கடை மனேச்சர் அதைச் சொல்லித்தான் என்ரை வாயை அடைச்சவர்!"