மாசிலாமணியின் புகைபோக்கி

ஒரு காட்டில் கோமதிநாயகம் என்றொரு முள்ளம்பன்றி, உடம்பெல்லாம் முள் இருக்கிற தைரியத்தில் தன்னை ஓவியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. ஒரு முள்ளைப் பிடுங்கினால் ஒரு தூரிகை. காட்டோரம் துருப்பிடித்துக் கிடந்த பழைய ரயில் எஞ்சினைப் பார்த்த நாள்முதல் அதற்குப் பித்துப் பிடித்துவிட்டது. காட்டுச் சரித்திரத்தில் பெயர் வாங்கிய எல்லோரையும் பித்தளைக் குழாயும் பற்சக்கரமும் வைத்தே வரைந்தது. முதன்முதலில் பாதை போட்ட யானைக்கு நீராவியில் மடங்கும் முழங்கால். புலியிடம் தூது போன முயலுக்கு ஒற்றைக் கண்ணில் கடிகாரம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு கதை வேறு. யானை காலையில் கிளம்புவதற்கு முன் வயிற்றுக்குள் விறகு போட்டுக்கொள்ளுமாம்.

கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்ல கோமதிநாயகத்துக்கு வராது. அதைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? நானே மிருகங்களைப் பேச வைத்துப் பிழைக்கிறவன்.

இருந்ததிலேயே பெரிய படம் ஆமை மாசிலாமணியுடையது. முன்னொரு காலத்தில் காட்டுக்குத் தலைவராக இருந்தவர். வழக்கு என்று வந்தவர்களெல்லாம் அவர் வாய் திறப்பதற்குள் அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பினார்கள். பொற்கால ஆட்சி என்பது அவ்வளவுதான். இதை வரைந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? அதனால் முதுகில் ஒரு கொதிகலன், அதன்மேல் புகைபோக்கி, கண்ணுக்குத் தோல்பட்டை வைத்த கண்ணாடி. பஞ்சக் காலத்தில் ஆகாயத்துக்குப் பறந்துபோய் மேகத்தைத் துளைத்து மழை இறக்கினார் என்று கதை. படங்களைக் குளக்கரையில் அவர் வாழ்ந்த வளைக்குள்ளேயே மாட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். மாசிலாமணி சாகவில்லை. சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். ஆமைத் தூக்கம், கொஞ்சம் நீண்டுவிட்டது. கண் விழித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நீள வரிசை.

காவலுக்கு இருந்த மந்தி பேச்சியம்மாள் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புகைபோக்கி எங்கே?" என்று கேட்டாள்.

அந்த மாசிலாமணி தான்தான் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வருகிற ஆமையெல்லாம் இதைத்தான் சொல்கிறது, போய் வரிசையில் நில்லுங்கள் என்றுவிட்டாள். பொழுது சாய்ந்ததும் பார்வை நேரம் முடிந்தது என்று அவரை வெளியே தள்ளி வாசலை அடைத்தாள். புதரிலிருந்து ஒரு நரி வந்து அவர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

விடிந்ததும் அவர் முள்ளம்பன்றியிடம் போனார்.

"தம்பி, மழை இறக்கின பெருமையெல்லாம் நீயே வைத்துக்கொள். எனக்கு என் வீட்டுக்குள் படுக்க வேண்டும், அவ்வளவுதான். இது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்றார்.

முள்ளம்பன்றி யோசித்தது. சொன்னால் சம்பாதித்த பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் கிழவரை நரி தின்றுவிடும். கடைசியில் மனசாட்சி ஜெயித்தது. எங்களைப் போன்ற கலைஞர்களுக்கு எப்போதாவது அப்படியும் நடக்கும்.

கூட்டத்துக்கு நடுவே ஒரு பாறைமேல் ஏறி நின்றது. "எல்லாம் என் கற்பனை. கொதிகலனும் இல்லை, மழையும் இல்லை. மாசிலாமணி இதோ நிற்கிறார். அவர் ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்லி அழுதுவிட்டது.

உடனே கைதட்டல் கிளம்பியது. இதுவரை விட்டதிலேயே இதுதான் அபாரமான கதை என்றாள் பேச்சியம்மாள். செத்துப்போன தலைவர் திரும்பி வந்து தன் வீட்டு வாசலிலேயே வரிசையில் நிற்கிறாராம், யாருக்குத் தோன்றும் இப்படி! இல்லை, நிஜம் என்று முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. அந்த நடிப்புக்குத் தனியாக ஒரு கைதட்டல்.

மாசிலாமணி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தரம் சொல்ல அது வாயெடுத்தது. அதற்குள் பேச்சியம்மாள், இந்தக் காட்சியை ஓவியர் ஐயா அவசியம் வரைந்து தர வேண்டும், உள்ளே நடுச்சுவர் காலியாகத்தான் இருக்கிறது என்றாள்.

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"சுவர் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டது.

நீதி: உண்மையைச் சொல்வதென்றால் பெயர் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் கை தட்டுவார்கள். கை தட்டினால் எதைச் சொல்ல வந்தோம் என்பது நமக்கே மறந்துபோகும்.