நாலு மணித் தொடர்

மேல்வீட்டு ஆல்கர் மறுபடியும் அவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். மேவிஸ் கதவுத் துவாரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். நெட்டை உருவம், கறுப்புக் கோட்டு, கையில் தோல் பை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர், பூனை மாதிரி மாடியேறிப் போனார்.

மேவிஸ் ஓடிப்போய்த் தோழியை போனில் பிடித்தாள்.

"ஐவி, அவன் என்னைக் கொல்லப் போறாண்டி!"

"எவன்?"

"மூணு வாரத்துக்கு முன்ன மேல குடிவந்தானே, அவன்தான். பைக்குள்ள என்ன இருக்கோ!"

"முதல்ல நீ அந்தக் கொலைத் தொடரைப் பாக்கறதை நிறுத்து."

அது மட்டும் முடியாது. அதில் வருவது விக்டோரியா ராணி காலத்து லண்டன். அதுவும் அவள் வசிக்கும் பெத்னல் கிரீன் சேரிகள்தான். தினம் நாலு மணிக்கு அந்தச் சந்துகளின் புகைமூட்டத்தில் யாராவது ஒரு பெண் கழுத்தறுபட்டு அலறுவாள். துணி வெளுக்கும் கடையில் முப்பது வருஷம் நின்ற மேவிஸுக்கு, சாகிற வண்ணாத்திகள் எல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் மாதிரியே இருந்தார்கள். ஆனால் அங்கே ரத்தம் ஓடும்போது இங்கே தேநீர் சூடாக இருக்கும், காலில் கம்பளி இருக்கும். பயத்தில் அப்படி ஒரு சுகம்.

"சரி, டிவி சத்தத்தையாவது கூட்டி வை. வீட்ல நாலு பேர் இருக்காங்கன்னு நினைப்பான்" என்றாள் ஐவி.

கூட்டி வைத்தாள். மறுநாள் ஆல்கர் படிக்கட்டில் வழிமறித்தார்.

"உங்க வீட்ல... எல்லாரும் சௌக்கியமா?"

"நான் தனியாத்தான் இருக்கேன்" என்று உளறிவிட்டாள். அவர் முகம் வெளுத்தது. கொலைகாரனிடமே சொல்லிவிட்டோமே என்று அவசரமாகச் சமாளித்தாள். "ஆனா தினம் ஒருத்தி வருவா. விதவிதமா பொண்ணுங்க."

"வர்ற பொண்ணுங்க திரும்பிப் போய் நான் பாத்ததே இல்லையே" என்றார் அவர்.

ஆக, நாள் முழுக்க நோட்டம் விடுகிறான்! மேவிஸ் நேராகக் கசாப்புக் கடைக்குப் போய், பழகிய கடைக்காரரிடம் வெட்டுக்கத்தி ஒன்றை இரவல் கேட்டு வாங்கினாள். திரும்பும்போது பை சரிந்து, அதிலிருந்த பீட்ரூட் ஊறுகாய் பாட்டில் படியில் விழுந்து நொறுங்கியது. கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, சிவப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே காலடிச் சத்தம். நிமிர்ந்தாள். ஆல்கர்.

அவர் படியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே பாய்ந்து ஏறினார்.

'ஆயுதத்தை எடுக்கப் போறான்!' கத்தியோடு வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மேலேயும் ஏதோ கனமான சாமானைத் தரதரவென்று இழுக்கும் சத்தம். வெட்டிப் போட இடம் பண்ணுகிறான்! மேவிஸ் தெரிந்த ஜெபங்களை எல்லாம் கலந்துகட்டி முணுமுணுத்தாள்.

கதவு இடிபட்டது.

"போலீஸ்! கதவைத் திறங்க!"

ஐவி மகராசி போன் பண்ணியிருக்கிறாள்! சோபாவைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். முன்னால் நின்றவள் சின்னப் பெண்.

"வந்துட்டீங்களா கண்ணு! கொலைகாரன் மேலதான் இருக்கான். ஓடுங்க, பிடிங்க!"

அந்தப் பெண் மாடிப்பக்கம் திரும்பவே இல்லை. மேவிஸின் சிவந்த ஏப்ரனையும் கையிலிருந்த கத்தியையும் பார்த்து ஓரடி பின்வாங்கினாள்.

"கத்தியைக் கீழ போடுங்கம்மா. போன் பண்ணதே மேல்வீட்டுக்காரர்தான். மூணு வாரமா தினம் நாலு மணிக்கு நீங்க ஒரு பொண்ணைக் கொல்றீங்களாமே?"