எழுத உட்காரப்போகிறவர்

எழுதுகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். இவர் வேறு ரகம்: எழுத உட்காரப்போகிறவர்.

எங்கள் முரசுமோட்டை அப்புத்துரை அண்ணையைப் பாருங்கோ. கடவுளுக்குப் பொதுவாக நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனுசன் காய்ச்சலில் கிடந்த போகம், எங்கள் வயலுக்குத் தண்ணி கட்டிவிட்டு ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் இருந்தவர். தங்கமான மனிசன். பேனை எடுத்தால்தான் வேறு ஆள்.

எழுத்து வராவிட்டால் தினமும் என்னென்ன செய்யவேண்டுமென்று போன் வீடியோவில் யாரோ சொல்வதைக் கேட்டு ஒன்றுவிடாமல் செய்வார். விடியமுன் எழும்பி, சுடுதண்ணி குடித்து, வாய்க்கால் கட்டால் நடந்து, குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்துக் கதிரை போட்டு, வெயில் அடிக்குதென்று வடக்கே திருப்பி, அங்கே கோழி பார்க்குதென்று குசினி அடுப்புப் பக்கம் தூக்கிப்போய், கொப்பியில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் அழகைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்பார். பிறகு? பசித்துவிடும்.

இவரிடம்தான் என் மகள் கௌசலாவின் கலியாண வாழ்த்துமடலை ஒப்படைத்தேன். வாழ்த்து வாசித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்காவிட்டால் எங்கள் பக்கம் அதுவும் ஒரு கலியாணமா? பெண்ணை வாழ்த்த ஆளில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் நினைக்கமாட்டார்களா?

கலியாணத்துக்கு முந்தின நாளும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, வாழ்த்து?"

"வருது தங்கச்சி. கற்பனை படலையடியில நிக்குது. கூப்பிட்டா ஓடிடும்."

குசினிக்குள் இருந்து அவருடைய மனிசி விமலேஸ்வரி அக்கா கத்தினா: "உங்கட கற்பனை உள்ள வர முதல் கௌசலாவுக்குப் பேரப்பிள்ளை வந்திடும்!"

மண்டபத்துக்கு அண்ணை சட்டத்தோடு வந்தார். எனக்கு உயிர் வந்தது. பார்த்தால் சுற்றிவரப் பூ, உச்சியில் சுழி, நடுவில் வெறும் வெள்ளை. முருகா! அதற்குள் ஒலிவாங்கியில் அவர் பெயரும் கூப்பிட்டாச்சு.

அண்ணை தாளைப் பார்த்தார். மணமக்களைப் பார்த்தார்.

"பிள்ளையள், சண்டை பிடியுங்கோ, பிழையில்லை. ஆனா கோவத்தில சாப்பிடாமப் படுக்காதேங்கோ. நான் ஒருக்காப் படுத்தனான். இவள் சோத்துக் கோப்பையோட முழிச்சிருந்தவள். தானும் சாப்பிடேல்லை."

சபை கைதட்டியது. மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தா. விமலேஸ்வரி அக்கா கூரையைப் பார்த்தா.

சிரியுங்கோ, நல்லாய்ச் சிரியுங்கோ. ஆனால் ஒரு கடிதம் எழுத இருந்து, முதலில் மேசையைத் துடைப்போமென்று எழும்பிப்போனவர் உங்கள் வீட்டில் யார்?

வாசலில் விடைபெறும்போது, "சொன்னதை அப்படியே சட்டத்துக்குள்ள எழுதித் தாங்கோ அண்ணை" என்று என் பேனையையும் நீட்டினேன். வாங்கி, கையில் ஒரு கோடு கீறிப் பார்த்தார்.

"கலியாணத்துக்குக் கறுப்பு மையோ தங்கச்சி? விசர்க்கதை! நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போய் நீலம் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்."