ஒரே சோபா, ஐம்பது கொலைகள்

ஐம்பது படங்களை ஒரே படமாகப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் எங்கள் ‘சிஐடி அங்கிள்’ ஒருவர்தான். பண்டமாரானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டில், ஊரிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த எனக்கும், துணிக்கடையில் வேலை பார்க்கும் கீழக்கரை சலீம் பாய்க்கும் ஆளுக்கோர் அறை வாடகைக்கு விட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பிரபலமான மர்ம நாவல்களை வைத்து பிரிட்டனில் சிக்கனமாக எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். கம்பெனிகள் கையைக் கடிக்காமல் எடுத்ததால், எல்லாப் படத்திலும் அதே மாடிப்படி, அதே சோபா, அதே பத்துப் பன்னிரண்டு முகங்கள். அங்கிளுக்கோ எல்லாம் ஒரே வீட்டில் நடக்கும் ஒரே கதை.

“நேத்து தூக்குல போட்டானுங்களே, அவன் எப்படி இன்னைக்கு இன்ஸ்பெக்டரா வரான்?”

“அது வேற படம், அங்கிள்.”

“சோபா அதேதான லா? அப்ப அவன் சாகல. உள்ள என்னமோ இருக்கு.”

தினமும் கூட உட்கார்ந்து பார்த்து எனக்கும் மண்டை குழம்பிவிட்டது. செத்தவர்கள் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதில் ஒரே ஆள் நான்கு முறை செத்திருந்தான்.

வேலை ஒப்பந்தம் முடிந்து, தங்கை கல்யாணத்துக்காக நான் ஊருக்குக் கிளம்பிய நாள். மாலையில் விமானம். காலையில் பார்த்தால் பாஸ்போர்ட்டைக் காணோம். பெட்டி, தலையணை உறை, அரிசி டின் எல்லாம் கவிழ்த்தாயிற்று.

அங்கிள் முகத்தில் மட்டும் அப்படி ஒரு களை. “யாரும் வெளிய போகக்கூடாது. எல்லாரும் ஹால்ல உக்காருங்க,” என்றார். எல்லாரும் என்றால் நானும் பாயும்தான்.

“பாய், நேத்து பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“கடையில அங்கிள். நீங்கதான வந்து கைலி வாங்கினீங்க.”

“வேற யாரையாச்சும் பாத்தீங்களா?”

“உங்களத்தான் பாத்தேன். கையில நீலமா ஒரு சின்ன புக்கு வச்சிருந்தீங்க. அப்படியே பக்கத்து போட்டோஸ்டெட் கடைக்குப் போனீங்க.”

அங்கிள் ‘நீல புக்கு’ என்று எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்தார். மறுபடியும் படித்தார். குற்றவாளியைக் காட்ட நீட்டிய விரல் ஹாலை ஒரு சுற்று சுற்றி, கடைசியில் அவர் நெஞ்சிலேயே வந்து நின்றது.

“நான்தான் லா. மெஷின்லயே விட்டுட்டு வந்துட்டேன். மறந்தே போச்சு.”

ஓடினோம். கடைக்கார அக்கா பாஸ்போர்ட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், எடுத்த காப்பியோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“என் பாஸ்போர்ட்ட உங்களுக்கு எதுக்கு அங்கிள் காப்பி?”

அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு நீ இருக்க மாட்ட. உன் மூஞ்சி ஒண்ணு வேணும்னு நினைச்சேன். கேட்டா சிரிப்ப.”

நான் சிரிக்கவில்லை. விமான நிலையம் போய்ச் சேரும்வரை அழாமல் இருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.