ஆமைத் துடக்கு

"சிவப்புத் தட்டைத் தொட்ட கையாலை நீலத் தட்டைத் தொடாதையுமெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று சுபாஸ்கரன் மனைவியிடம் கத்தினார்.

தட்டுகள் இரண்டு ஆமைக்குஞ்சுகளுக்கு. ஒன்றை லண்டன் செவன் கிங்ஸில் ஆமை விற்கும் யாக்கோப்பிடமும், மற்றதை இணைய விளம்பரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரியிடமும் வாங்கியிருந்தார். வேறு வேறு இடத்துக் குஞ்சுகள் என்பதால் ஆறு மாதம் தனித்தனி அறையில் வைத்து, கையைக் கழுவச் சொன்னார் மிருக வைத்தியர். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைச் சுபாஸ்கரன் போனில் வீடியோ பார்த்துச் சேர்த்துக்கொண்டார். ஒரு வீடியோ பார்த்தால் அவர் பேராசிரியர்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதெண்டு சும்மாவே சொன்னவை?" என்றாள் சுசிலா.

"அது தானாப் புகுந்தாத்தான். இது நான் காரிலை கூட்டிக்கொண்டு வந்தது."

கோலியர்ஸ் வுட்டில் அவர்களுடையது சின்ன வீடு. சிவப்புத் தட்டுக் குஞ்சு முன்னறைக்கும் நீலத் தட்டுக் குஞ்சு மாடிப் படுக்கையறைக்கும் போயின. துவாய், செருப்பு, வாளி எல்லாம் இரண்டிரண்டாகின. ஒரு வாரத்தில் புதுச் சந்தேகம் வந்தது. ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் நோய் தாவாதா?

"சிவப்பு எனக்கு, நீலம் உமக்கு," என்று தீர்ப்பளித்தார்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் தொடலாமோ?" சுசிலா அப்பாவியாகக் கேட்டாள்.

சுபாஸ்கரன் அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் தெரியாதென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"கூடாது."

"செத்தவீட்டுத் துடக்கே முப்பத்தொரு நாள்தான். இது ஆறு மாசமோ?"

"ஓம். இது விஞ்ஞானம்."

"நீலக் கை சமைச்சதைச் சிவப்புக் கை தின்னேலுமோ?"

"ஏலாது."

அன்றிலிருந்து அவர் முன்னறைச் சோபாவில் படுத்தார், நூடில்ஸ் தின்றார். மேலேயிருந்து நண்டுக்கறி வாசமும் சுசிலா போனில் சிரிக்கும் சத்தமும் வந்தன. வாயால் போட்ட முடிச்சைப் பல்லாலும் அவிழ்க்க முடியவில்லை. விதியைத் தளர்த்தினால் பிழை விட்டதாகிவிடுமே. எல்லாவற்றையும்விட, அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லாததுதான் அவரை வாட்டியது. சிவப்பாமைக்குச் சொல்லிப் பார்த்தார். அது இரண்டு வசனம் கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கலண்டரில் நாட்களை வெட்டத் தொடங்கினார்.

ஆறாம் மாதம் முடிய, இரண்டுக்கும் நோயில்லை என்று வைத்தியர் எழுதித் தந்தார். சுபாஸ்கரன் முகம் வழித்து, நல்ல சேட்டுப் போட்டு, மாடிப்படியடியில் நின்றார்.

"சுசிலா! துடக்குக் கழிஞ்சுது! இனிமேல் நான் மேலைதான் படுப்பன். இண்டைக்கு நண்டு வையும்!"

பதிலுக்கு வாசல் மணிதான் அடித்தது. யாக்கோப்பு, துளை போட்ட பெட்டியொன்றை அணைத்தபடி நின்றான்.

"அக்கா கேட்டமாதிரியே வேறை இடத்துக் குஞ்சு, அண்ணை. ஆறு மாசத்திலை ஒரு நாளும் குறையாதோ எண்டு நாலு தரம் கேட்டுப்போட்டுத்தான் ஓடர் தந்தவ!"