பித்தக்குழாயில் போட்ட ஸ்டென்ட்டைக் கழற்றிய விவரம்

அன்பு மைத்துனருக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும், போன மாதம் நான் பழுது பார்த்துக் கொடுத்த மோட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

என் பித்தக்குழாயில் போட்டிருந்த உலோக ஸ்டென்ட்டை இன்று எடுத்துவிட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறேன். குழாய் வேலையில் கூட்டுச் சேர்ந்தோம், சரி. பித்தக்குழாய் அடைப்பிலுமா கூட்டுச் சேர வேண்டும்? "முதல்ல நீங்க கழட்டிக்குங்க அத்தான், நீங்க பொழைச்சு வந்தா நான் போறேன்" என்று நாள் கடத்துகிறாயே, உனக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த இரும்பு எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? இழுத்தால் சுவரும் சேர்ந்தல்லவா பெயரும்! டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். "ஐயா, இது கழட்டுறதுக்குன்னே செஞ்சது. மேல உறை போட்டிருக்கு, சதை பிடிக்காது. பெரும்பாலும் சுலபமா வந்துடும். எப்பவாவது ரத்தம் கசியலாம், கணையம் வீங்கலாம், அதைப் பாத்துக்கத்தான் நாங்க இருக்கோம். எடுக்காம விட்டாத்தான் அடைச்சுக்கிட்டுத் தொல்லை" என்றார். நான் நம்பவில்லை. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். வாய் வழியாக டியூபை விட்டு ஸ்டென்ட்டைப் பிடித்து இழுத்தார்கள், அது பாதியில் சிக்கியது, நான் கையை ஆட்டி, இழுக்காதீர்கள், இடப்பக்கம் அரைச் சுற்று திருப்புங்கள் என்று ஜாடை காட்டினேன், வழுக்கிக்கொண்டு வந்தது. கழற்றிய சாமானை வீட்டுக்காரர் கண்ணில் காட்டாமல் நாம் என்றைக்காவது கிளம்பியிருக்கிறோமா? காட்டச் சொன்னேன். நான் சொன்னபடியே துரு! "நீங்க சொன்னதுதான் சரி ஐயா" என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொண்டார்.

ஆகவே பயப்படாமல் கிளம்பி வா. தங்கச்சிக்கு என் ஆசிகள். மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட விடாதே.

இப்படிக்கு,
பிழைத்து வந்த உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் நேற்றே எழுதியது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் நீ பயந்து பின்வாங்கக் கூடாதே என்று முன்கூட்டியே எழுதி உன் அக்காவிடம் கொடுத்தேன். "நீங்க போய்ச் சேந்தா என் தம்பிக்குத் தெரியாமலா போகும்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது.

இப்போது நிஜமாகவே எடுத்தாகிவிட்டது. நான் ஜாடை எதுவும் காட்டவில்லை; ஊசி போட்டதும் தூங்கிவிட்டேன், குறட்டை வேறு விட்டேனாம். விழித்ததும் முதல் வேலையாகச் சாமானைக் காட்டச் சொன்னேன். துருவும் இல்லை, மண்ணும் இல்லை, கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது. என் இத்தனை வருட அனுபவம் பொய்யாகிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லையடா.

உனக்கும் வியாழக்கிழமை காலைக்கு நேரம் வாங்கிவிட்டேன். வெறும் வயிற்றோடு போ. என் ஸ்பானரை நர்ஸம்மா வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார், அவசரத்தில் மறந்து வந்துவிட்டேன். நீ கழற்றிக்கொண்டு வரும்போது அதையும் கையோடு வாங்கி வா.